இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடும் தராசும் என் 250 கிராம் மாம்பழமும்

5 கிலோ வரை எடை காட்டும், 1 கிராம் துல்லியம், இரண்டு சிறிய பேட்டரி, மேலே கண்ணாடித் தட்டு. இந்த விலையில் கிடைக்கும் சமையலறைத் தராசுகள் எல்லாவற்றுக்கும் இது பொது என்பதால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. இரண்டு நிமிடம் எடை மாறாமல் இருந்தால் இந்தத் தராசு தானாக அணைந்துவிடுகிறது. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காம். வாங்கிய வாரத்தில் இதைக் கண்டு எவ்வளவு கோபம் வந்ததோ, இரண்டாவது மாம்பழப் பருவத்தைத் தாண்டிய பிறகும் அதே கோபம் வருகிறது.

முழங்கால் வலிக்காக மருத்துவமனைக்குப் போனபோது என் எடை 76 கிலோ. சர்க்கரை அளவும் எல்லையில் நின்றது. அங்கிருந்த உணவு ஆலோசகர் ஒரு நாளைக்கு 1500 கலோரி என்று திட்டம் எழுதிக் கொடுத்தார். அதில் 150 கலோரியைத் தனியாகப் பிரித்து, "ஆசைப் பங்கு" என்று தன் கையாலேயே எழுதினார். "பிடித்ததை அடியோடு விட்டுவிடாதீர்கள் அம்மா. விட்டால் ஒருநாள் மொத்தமாகத் திரும்பி வரும். எது வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், ஆனால் எடை போட்டுச் சாப்பிடுங்கள்" என்றார். தராசு வாங்கியது அதற்காகத்தான். இப்போது 69 கிலோவில் இருக்கிறேன். மாடிப்படி ஏறும்போது முழங்கால் முன்போல் வலிப்பதில்லை.

அவர் சொன்னதை நம்பக் காரணம் இருந்தது. 1944, 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்களுக்குப் பல மாதங்கள் அரைவயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் எடை குறைந்ததோடு நிற்கவில்லை. பேச்செல்லாம் சாப்பாடு, கனவெல்லாம் சாப்பாடு. சமையல் புத்தகங்களைச் சேர்க்கக்கூடத் தொடங்கினார்கள். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. எப்போதும் வாயைக் கட்டிச் சாப்பிடும் பெண்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். மில்க் ஷேக் குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்களே ஐஸ்கிரீமை அதிகம் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற மனநிலைதான். ஒரு நிப்பட்டைக் கடித்துவிட்டால் திட்டம் கெட்டது, இனிப் பொட்டலம் முழுவதும் ஒன்றுதான் என்று தோன்றும் அந்த நிமிடத்தை, ஆசைப் பங்கு என்ற ஏற்பாடு வரவிடாமல் செய்துவிடுகிறது. கடித்தது திட்டத்துக்குள் இருப்பதால் எதுவும் கெடவில்லை.

நிப்பட்டு என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். காவேரிப்பட்டினம் பக்கம் போய்வரும் யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அரிசிமாவு, வேர்க்கடலை, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து எண்ணெயில் பொரித்த பண்டம். இப்படிப் பொரித்த நொறுக்குத் தீனிகளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 500 கலோரி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நான் வழக்கமாக வாங்கும் கடையில் ஒரு நிப்பட்டு 30 கிராம் இருக்கும். ஆக, ஒரே ஒரு நிப்பட்டோடு அன்றைய ஆசைப் பங்கு முடிந்தது. இதைத் தராசில் பார்த்த அன்று எனக்கு மனம் சோர்ந்தது உண்மை.

அடுத்து மாம்பழத்தை வைத்தேன். மாம்பழச் சதையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 60 கலோரி. 150 கலோரிக்கு 250 கிராம் சாப்பிடலாம். 250 கிராம் என்பது ஒரு பெரிய கிண்ணம் நிறைய! கிருஷ்ணகிரியில் பிறந்து வளர்ந்துவிட்டு, வீட்டைச் சுற்றி மாந்தோப்பாக இருக்க, உடம்பைக் குறைக்க வேண்டும் என்பதற்காக மாம்பழத்தையே தொடாமல் பருவத்தைக் கழிக்கும் பெண்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். அவர்கள் மாலையில் டீயோடு இரண்டு போண்டா சாப்பிடுகிறார்கள், பழத்துக்குப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு எண்ணில் ஆதாரம் இல்லை என்று இந்தத் தராசு காட்டியது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது வேறு விஷயம். செந்தூரா வரத்து தொடங்கும் நாள் முதல் கடைசி நீலம் வரை, மற்ற ஆசைகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு என் பங்கு முழுவதையும் மாம்பழத்துக்கே கொடுக்கிறேன். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்ள, பழுக்காத பெங்களூரா கீற்று இன்னும் குறைவான கலோரிதான்.

தராசு அணைவது இந்த இடத்தில்தான் பொறுக்க முடியாததாகிறது.

ஒரு மல்கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தைத் தட்டின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டுத் தோலைச் சீவத் தொடங்குகிறேன். நல்ல பழுத்த மல்கோவாவின் தோலை அவசரமாகச் சீவ முடியாது. சதையும் சேர்ந்து வந்துவிடும். முதல் கன்னத்தை அறுத்துக் கிண்ணத்தில் போடுகிறேன், 96 கிராம். அடுத்த கன்னம். சாறு மணிக்கட்டு வரை வழிகிறது. கொட்டையைச் சுற்றியுள்ள சதையைக் கத்தியால் வழித்தெடுத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினால், எண் இருந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி. பிசுபிசுத்த விரலால் பொத்தானை அழுத்தினால் அது மறுபடியும் உயிர் பெற்று 0 என்று காட்டுகிறது. கிண்ணமும் பழமும் மேலேயே இருக்கும்போது 0! அணைந்து எழும்போது தன் மேல் இருக்கும் எதையும் அது பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். அதுவரை போட்ட கணக்கெல்லாம் போச்சு. சமையலறையில் காய் நறுக்குவதற்கும் பழம் அரிவதற்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று இதைச் செய்தவர்கள் ஒரு நாளாவது ஒரு வீட்டில் நின்று பார்த்திருப்பார்களா? இரண்டு நிமிடத்தை ஐந்து நிமிடமாக்கினால் பேட்டரிக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்திருக்கிறேன். தராசு வைத்திருக்கும் யாருக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன். முதலாவது, எப்போதும் பயன்படுத்தும் கிண்ணத்தின் வெறும் எடையை அதன் அடியில் அழியாத மையால் எழுதிவைப்பது. என்னுடையதில் 212 என்று எழுதியிருக்கிறேன். பழத்தை முழுதாக அரிந்து முடித்த பிறகு தராசை இயக்கி, கிண்ணத்தோடு வைத்து, 212ஐக் கழித்துக்கொள்ளலாம். இரண்டாவது, நொறுக்குத் தீனிக்கு. டப்பாவையே தூக்கித் தட்டின் மேல் வைத்துப் பூஜ்யமாக்க வேண்டும். பிறகு டப்பாவிலிருந்து கையால் எடுத்தால், எடுத்த அளவு கழித்தல் குறியோடு தெரியும். மிக்சர் டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்தால் -38 என்று காட்டும். கொஞ்சம் திரும்பப் போட்டு -30க்குக் கொண்டுவந்துவிட்டு மூடியை மூடிவிடலாம். பத்து விநாடி வேலை, அணைவதற்கு நேரமே கிடைக்காது. இன்னொரு நன்மையும் உண்டு. தட்டில் கொட்டிவிட்டு அதிலிருந்து குறைப்பதைவிட, டப்பாவிலிருந்து எடுப்பதை நிறுத்துவது எனக்கு எளிதாக இருக்கிறது. கண்முன் குவிந்ததைத் திருப்பி வைக்கத்தான் மனம் வருவதில்லை.

என் மாமியாருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "சாப்பிடுகிற பொருளை எடை போட்டுத் தின்றால் உடம்பில் ஒட்டுமா அம்மா?" என்று தொடக்கத்தில் தினமும் கேட்பார். ஒட்டக்கூடாது என்பதற்காகத்தான் அத்தை என்று நான் சொல்லச் சொல்ல, அவருக்கு வருத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. 250 கிராம் போக மிஞ்சும் மாம்பழத் துண்டுகளை அவர் தட்டில் வைக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வி நின்றது.

இன்னொரு குறையும் உண்டு, ஆனால் இதை எல்லாத் தராசுக்கும் பொதுவான குணமாகவே எடுத்துக்கொள்கிறேன். எண்ணெயை மெல்லிய தாரையாகச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் சில நேரம் எண் நகருவதே இல்லை. தட்டுக்கு அடியில் உள்ள உலோகத் துண்டு மிக நுட்பமாக வளைவதை வைத்துத்தான் இது எடையை அறிகிறது. வெப்பத்தாலும் மின்விசிறிக் காற்றாலும் எண் ஆடாமல் இருக்க, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நடக்கும் சிறு மாற்றங்களை அது தானாகவே திருத்திக்கொள்கிறது. நாம் மெதுவாக ஊற்றும் எண்ணெயையும் அப்படியே விழுங்கிவிடுகிறது. எண்ணெயில் ஒரு கிராமுக்கு 9 கலோரி. 10 கிராம் கணக்கில் வராமல் போனால் 90 கலோரி போயிற்று. எண்ணெய்க் குப்பியையே வைத்துக் கழித்தல் குறியில் பார்ப்பதுதான் இதற்கும் வழி. அகலமான தட்டு வைத்தால் எண் தெரியாமல் மறைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது பெரிதில்லை.

துல்லியத்தில் குறை சொல்ல மாட்டேன். சந்தேகம் வரும்போதெல்லாம் பத்து ரூபாய் நாணயங்கள் பத்தை ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாணயம் 7.7 கிராம் என்பதால் 77 வர வேண்டும், வருகிறது.

களியைப் பற்றியும் தராசு ஒன்று கற்றுக்கொடுத்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் களி தின்றால் உடம்பு வைக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 320 கலோரி, அரிசியில் 350 சொச்சம். பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் நார்ச்சத்தில் இருக்கிறது. ராகியில் 11 கிராம், அரிசியில் 3 கிராம்கூட இல்லை. மதியம் கொள்ளுச்சாறோடு அளவாகக் களி சாப்பிட்ட நாளில் நாலு மணி டீ நேரத்து வடை என்னை இழுப்பதில்லை. சோறு சாப்பிட்ட நாளில் இழுக்கிறது. என் அனுபவத்தில் ஆசையைச் சமாளிப்பதில் பாதி வேலை மதியச் சாப்பாட்டிலேயே முடிந்துவிடுகிறது.

ஆடிப்பெருக்கில் ஒகேனக்கல்லுக்குத் தராசைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆற்றங்கரையில் மசாலா தடவிப் பொரித்த மீன் சூடாக இலைக்கு வரும்போது யாரும் கிராம் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் நான் எதிர்பாராத ஒன்று அங்கே நடந்தது. கண் தானாக அளந்தது. இந்தத் துண்டு 80 கிராம் இருக்கும், இது 120 என்று மனத்தில் எண் ஓடியது. இரண்டு துண்டு சாப்பிட்டேன், மிக ருசித்துச் சாப்பிட்டேன். மூன்றாவதை அண்ணன் மகனுக்குக் கொடுத்தபோது எனக்கு எந்த ஏக்கமும் இல்லை. இந்தக் கண்ணைக் கொடுத்தது அந்தத் தராசுதான். அதற்காக அதை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பழுதுக்கு வருகிறேன். ஒருநாள் பொத்தான் எதற்கும் அசையவில்லை. ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். பேட்டரி கசிந்து முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததை வினிகர் தொட்டுத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, அரைமணி நேரத்தில் சரிசெய்து கொடுத்தார் கடைக்காரர். அந்த இரண்டு நிமிடத்தைக் கொஞ்சம் நீட்ட முடியுமா என்று கேட்டேன். "அது சிப்புக்குள்ளேயே எழுதியிருக்கிறது, அக்கா. வெளியிலிருந்து தொட முடியாது" என்றார். பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக என் கணக்கையெல்லாம் அழிக்கும் ஒரு கருவி, கடைசியில் அதே பேட்டரி கசிந்து நின்றுபோனது என்பது என் கோபத்தை இரட்டிப்பாக்கியது.

நான் 500 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது இப்போது 300 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. பள்ளியில் உடன் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி, அக்கா வாங்கட்டுமா என்று கேட்டாள். ஏழு கிலோ குறைய உதவியது, பருவம் தவறாமல் மாம்பழம் சாப்பிட வைத்தது, நிப்பட்டுக்கு முன்னால் நிதானமாக நிற்கக் கற்றுக்கொடுத்தது. இவ்வளவையும் அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, வாங்காதே என்றேன். தராசு கட்டாயம் வேண்டும், இந்தத் தராசு வேண்டாம். அணையும் நேரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய தராசு 200 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்க வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பத் தேவையில்லை. கடையிலேயே பேட்டரி போடச் சொல்லி, ஒரு டம்ளரை மேலே வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நில். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஐந்து நிமிடம் கழித்தும் எண் அப்படியே நின்றால் பணத்தை எடு.