வேட்டங்குடியா, கோடியக்கரையா?

அரையாண்டு விடுமுறைக்குக் காரைக்குடி வரும் பிள்ளைகளுக்குச் செட்டிநாட்டு வீட்டின் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் இரண்டே நாளில் சலித்துவிடும். அப்புறம் ஆரம்பிப்பார்கள்: மிருகமும் பார்க்கணும், கடலும் பார்க்கணும், ராத்திரிக்குள் வீடு திரும்பணும். நம் பக்கத்திலிருந்து அதற்கு இரண்டு வழி இருக்கிறது. இரண்டுக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

முதலாவது, காலையில் வேட்டங்குடி, மாலையில் தொண்டி. திருப்பத்தூர் தாண்டி மதுரை சாலையில் இருக்கிறது வேட்டங்குடி. 1977 முதல் பறவைகள் சரணாலயம். பறவைகள் மிரளக் கூடாதென்று அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கண்மாய்க் கரையில் நின்றால் முதலில் வருவது எச்ச வாடைதான், மூக்கைப் பொத்துவீர்கள். அப்புறம் கருவ மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் தெரியும். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும், வெளிச்சம் அதன் வழியே தெரியும். நத்தையை ஓட்டிலிருந்து எடுக்க வாகான அலகு. கரண்டிவாயன், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன் எல்லாம் உண்டு. ஆனால் கண்மாயில் தண்ணீர் இருந்தால்தான். மழை பொய்த்த வருஷம் ஒருமுறை போய், வெறும் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தோம்.

மதியம் வீட்டில் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு, தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குக் கிளம்பலாம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பாக் நீரிணைக் கடல் அது. அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கரையில் கடல்பாசி ஒதுங்கிக் கிடக்கும், காலுக்கடியில் சேறு. மெரினாவை நினைத்துக்கொண்டு போகிற பிள்ளைகள் "இதுதான் கடலா?" என்று கேட்பார்கள். எங்கள் அப்பத்தாவுக்கு அதுதான் பிடித்தது. திரும்பும்போது நண்டு வாங்கலாம் என்பதும் ஒரு காரணம்.

இரண்டாவது, கோடியக்கரை. அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, வேதாரண்யம் என்று போக வேண்டும். ஒரு வழிக்கே நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். வேதாரண்யத்தில் உப்பளங்களைத் தாண்டும்போது, 1930-ல் ராஜாஜி உப்பெடுக்க நடந்து வந்த ஊர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். காடும் கடலும் ஒரே இடத்தில் என்பதுதான் இதன் பலம். இங்கேதான் உண்மையாகவே மிருகம் பார்க்கலாம். புல்வெளியில் வெளிமான் கூட்டம் நிற்கும். பெட்டைகள் வெளிர் பழுப்பு. முறுக்குக் கொம்போடு கருகருவென்று நிற்பது கடா. வண்டிச் சத்தம் கேட்டதும் ஒன்று துள்ளினால், வரிசையாக அத்தனையும் துள்ளும். யாரோ வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகளும் அங்கே காட்டுக்குதிரையாகத் திரிகின்றன, மானோடு புல்லுக்குப் போட்டி. பனிக்காலத்தில் உப்பங்கழியில் பூநாரைகள் உண்டு, ஆனால் தூரத்தில். பைனாகுலர் இல்லையென்றால் இளஞ்சிவப்புக் கோடுதான்.

வெயில் ஏறிவிட்டால் மான் புதருக்குள் போய்விடும். எனவே காலை நான்கு மணிக்கே கிளம்ப வேண்டும். ஒருமுறை நாங்கள் எட்டு மணிக்குக் கிளம்பி, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்து, ஒரே ஒரு மானைப் பார்த்தோம். புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்கு கொண்டுபோனதுதான் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு மிருகக்காட்சி. கடலில் அமாவாசைக்குத் தீர்த்தமாடுகிறவர்கள் உண்டு, ஆனால் பிள்ளைகளை இறக்கி விளையாடவிடும் கரை அல்ல.

வீட்டில் வயசானவர்களும் கைப்பிள்ளையும் இருந்தால் நான் யோசிக்காமல் வேட்டங்குடி என்பேன், கண்மாய் நிறைந்திருக்கிறதா என்று திருப்பத்தூர்க்காரர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. பத்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளும், சளைக்காத டிரைவரும் இருந்தால் கோடியக்கரை. ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்புவது முதுகுக்கு ஆகாது. வேதாரண்யத்தில் ஒரு ராத்திரி தங்கி விடியலில் காட்டுக்குள் போனால்தான் அந்தக் கருப்புக் கடாவை நின்று பார்க்க முடியும். போன தையில் அப்படித்தான் போனோம். இந்த முறை புளியோதரை வண்டியை விட்டு இறங்கவே இல்லை.