9,500 ரூபாய்க்குக் கூந்தல் ‘கவசம்’: நீச்சலுக்குப் போகிற பெண்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்பின் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குளம், கடல், கோடை வெயில் மூன்றிலிருந்தும் முடியைக் காப்பது எப்படி என்று நாலு பேருக்குப் பயன்படும்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் 9,500 ரூபாய் போன கதையைக் கொட்டித் தீர்க்காமல் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

எனக்கு 46 வயது. முழங்கால் வலிக்கு நீந்தச் சொன்னார் எலும்பு மருத்துவர். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தென்சென்னைக் குளம் ஒன்றில் காலை 6 மணிப் பெண்கள் வகுப்புக்குப் போகிறேன். முழங்காலுக்கு நல்லதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்றே வாரத்தில் இடுப்புவரை இருந்த முடி தேங்காய் நாராகிவிட்டது. சிக்கெடுக்க அரைமணி நேரம். எத்தனை முறை அலசினாலும் பிளீச்சிங் பவுடர் வாடை போகாது. பக்கத்து இருக்கைக்காரர் ஒருநாள், “இன்று அலுவலகத்தில் தரை கழுவினார்களா?” என்று கேட்டார். வகுப்பில் 60 வயது தாண்டிய ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார். அவருடைய வெள்ளை முடியில் லேசாகப் பச்சை ஏறியிருந்தது. குளோரின்தான் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். அது தவறு. பாசி பிடிக்காமலிருக்கச் சில குளங்களில் மயில்துத்தம் போடுகிறார்கள், அதிலுள்ள செம்புதான் முடியில் படிந்து பச்சையாகத் தெரிகிறது. கருமுடியிலும் படியும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில்தான் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். பெயர் எழுதப் போவதில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் அழகு நிலையம். வணிக வளாகத்துக்குள், கண்ணாடிக் கதவும், உட்கார்ந்ததும் ஒரு தம்ளர் எலுமிச்சைத் தண்ணீருமாக இருக்குமே, அந்த வகை. நான் போனது புருவம் திருத்திக்கொள்ள. 80 ரூபாய் வேலை.

புருவம் முடிந்ததும் அந்தப் பெண் என் பின்னலைக் கையில் எடுத்தாள். நுனியை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். “அக்கா, நீங்கள் நீச்சலுக்குப் போகிறீர்களா?” என்றாள். அசந்துபோனேன். மூன்று வாரமாக வீட்டில் குளியலறைச் சல்லடை அடைத்துக்கொள்கிறது என்று என்னிடம் சண்டை போட்டார்களே தவிர, ஒருவராவது முடியைத் தொட்டுப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியில்தான் நான் விழுந்தேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று நீந்திவிட்டு நேராக அங்கே போயிருந்தேன், தலை முழுக்கக் குளத்து வாடை. மூக்கு உள்ள யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

பிறகு கைபேசியில் ஒரு காணொளி காட்டினாள். இரண்டு கண்ணாடித் தம்ளரில் இரண்டு முடிக்கற்றைகள். ஒன்று பிரிபிரியாக, மற்றொன்று பளபளவென்று. “இது சாதாரண கெரட்டின் புரதப் பூச்சு இல்லை அக்கா. வெயில், குளோரின், கடல் உப்பு மூன்றுக்கும் ஒரே கவசம். ஆறு மாதத்துக்கு நீங்கள் தலையைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.” நான் முட்டாள் இல்லை, கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். “தினமும் குளத்தில் இறங்குவேன், பரவாயில்லையா?” அவள் சிரித்துக்கொண்டே, “அதற்காகத்தானே அக்கா இது!” என்றாள். இந்த வாக்கியத்தை நீதிமன்றத்தில் கேட்டாலும் சொல்வேன். விலை 12,000 என்றும், அன்று மட்டும் 9,500 என்றும் சொன்னாள். யுபிஐயில் அனுப்பினேன். 80 ரூபாய்க்குப் போனவள் 9,500 ரூபாய் கட்டினேன்.

நாலு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஏதோ பாலைத் தடவி, காயவைத்து, சூடான இஸ்திரிக் கம்பியால் கற்றை கற்றையாக இழுத்தார்கள். கம்பியின் திரையில் 230 டிகிரி என்று எரிந்துகொண்டிருந்தது. புகை வந்தது, கண் எரிந்தது. அவளுக்கு முகக்கவசம், எனக்கு ஒரு காகிதக் கைக்குட்டை. இப்படி முடி நேராக்கும் திரவங்கள் சிலவற்றில் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடு வெளியேறும் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்திய பொருள் அது. என் தலையில் தடவியதில் அது இருந்ததா என்று பிறகு கேட்டேன். புட்டியைக் கூடக் காட்டவில்லை.

கிளம்பும்போது, “இந்த ஷாம்பு போட்டால்தான் அக்கா நிற்கும்” என்று இன்னொரு 1,450 ரூபாய். பையில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு சிறு அட்டையையும் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று நாள் தலையில் தண்ணீர் படக்கூடாது என்று வாயால் சொன்னாள். அட்டையை நான் படிக்கவில்லை. இதுதான் என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் முடி பட்டாக விழுந்தது. ஐந்தாம் நாள் குளத்துக்குப் போனேன், வகுப்பில் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேர் கடை முகவரியைக்கூட வாங்கிக்கொண்டார்கள். அவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

மே மாதம், கத்திரி வெயிலில், அம்மாவின் வேண்டுதலுக்காக ராமேஸ்வரம் போனோம். அக்னி தீர்த்தத்தில் கடல் முழுக்கு, பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம். வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார்கள். ஈரம் காயாமலே மதியம் தனுஷ்கோடி. அம்மா முதல் நாள் இரவே தலைநிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். அரிச்சல்முனையில் மணலும் வெயிலும் தகிக்கும்போது, “தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளடி” என்றார். நான் பெருமையாக, “அம்மா, நான் 9,500 ரூபாய்க்குத் துண்டு போட்டிருக்கிறேன்” என்றேன். அந்தப் பதில் இன்றுவரை வீட்டில் கேலிப்பொருள்.

திரும்பி வந்து மூன்றாம் நாள் சீப்பை வைத்தேன். சீப்போடு ஒரு கைப்பிடி வந்தது. உதிரவில்லை, ஒடிந்தது. வேரோடு உதிர்ந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருக்கும். இவற்றில் எதிலும் இல்லை. தோளுக்கு நாலு விரல் கீழே, கத்தரித்ததுபோல எல்லாம் ஒரே உயரத்தில் முறிந்திருந்தன.

அன்றே கடைக்குத் தொலைபேசி செய்தேன். “மேலாளர் விடுப்பில் இருக்கிறார் மேடம்.” மறுநாள், “கூட்டத்தில் இருக்கிறார்.” அதற்கு மறுநாள், “வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள்.” அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். ஒரு புகார் எண் தானாக வந்தது, அதோடு சரி. ஆறாம் நாள் நேரில் போனேன். அக்கா அக்கா என்று அழைத்த பெண் வேறு கிளைக்கு மாறிவிட்டாளாம். எலுமிச்சைத் தண்ணீரும் வரவில்லை.

மேலாளர் முதலில், “முடிக்குச் சாயம் போட்டிருந்ததை எங்களிடம் மறைத்துவிட்டீர்கள்” என்றார். நாலு மணி நேரம் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் நான் எதை மறைக்க முடியும்? பிறகு, “உங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா?” பிறகு, “தைராய்டு பரிசோதித்தீர்களா?” எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் அந்த அட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, ஆறாவது வரியில் விரலை வைத்தார். நீச்சல் குளத்து நீரையும் கடல் நீரையும் தவிர்க்கவும் என்று அச்சடித்திருந்தது.

ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. குளத்துக்கும் கடலுக்கும் என்று விற்றார்கள். குளத்திலும் கடலிலும் இறங்கக்கூடாது என்று அவர்களே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். குடையை விற்றுவிட்டு, மழையில் பிடிக்காதே என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதைத்தான் கேட்டேன். “அட்டையில் போட்டிருக்கிறதே மேடம்” என்றார். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதே பதில். பணத்தைத் திருப்பிக் கேட்டால், ரசீதின் அடியில் பணம் திருப்பித் தரப்படாது என்று இருக்கிறதாம். பெரிய மனது பண்ணி ஒரு சலுகை கொடுத்தார். சேதமான முடிக்கு மூன்று தவணை ‘ஹேர் ஸ்பா’, 6,000 ரூபாய், எனக்கு மட்டும் 20 சதவீதம் தள்ளுபடி. அவர்கள் கெடுத்ததைச் சரிசெய்ய நான் இன்னும் 4,800 ரூபாய் கட்ட வேண்டும்! வீட்டுக்கு வரும் வழியிலேயே, எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தாருங்கள் என்று குறுஞ்செய்தி வந்தது.

தோல் மருத்துவரிடம் போனேன், அது 700 ரூபாய். அவர் முதலில் சொன்னதே, வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாதது, ஒடிந்ததை எந்தத் திரவமும் ஒட்டவைக்காது என்பதுதான். குளோரின் ஏறி வறண்டிருந்த முடியை 230 டிகிரியில் இழுத்ததே முதல் அடியாம். மேலே பூசிய பளபளப்பு குளத்து நீரிலும் உப்பு நீரிலும் சீக்கிரம் கரைந்துவிடுமாம். உள்ளே இருந்த சேதம் அப்போதுதான் தெரிந்திருக்கிறது. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது. புற ஊதாக் கதிர் முடியின் புரதத்தையும் கருநிறத்தையும் சிதைக்கும் என்றார்.

ரசீதில் அப்படி எழுதியிருந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குறைபாடான சேவைக்கு ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்துவிட்டேன். அங்கே நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. 9,500 ரூபாயும் அந்த 1,450-உம் வராமல் நான் விடப்போவதில்லை.

முடியைக் காப்பது பற்றி விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். மணி பதினொன்று ஆகிவிட்டது, காலையில் வகுப்பு. மருத்துவர் சொன்னதை அப்படியே போட்டுவிடுகிறேன். குளத்திலோ கடலிலோ இறங்குமுன் நல்ல தண்ணீரில் தலையை முழுக்க நனையுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி, குளத்து நீரை அவ்வளவாக உறிஞ்சாது. நீளத்துக்கு மட்டும் சொட்டாத அளவு தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னிக்கொள்ளுங்கள். முடியின் புரத இழப்பைத் தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றிலும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வில் தேங்காய் எண்ணெய் மட்டும்தான் இழப்பைக் குறைத்ததாம். அதிகம் பூசினால் குளத்தில் மிதக்கும், பயிற்சியாளர் திட்டுவார், எங்கள் வகுப்பில் ஒருவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். சிலிக்கான் தொப்பி போடுங்கள், துணித் தொப்பி தண்ணீரைத் தடுக்காது. கரையேறியதும் உடனே அலசுங்கள். வெயிலில் துண்டு போடுங்கள். (அம்மா, போதுமா?)

ஒடிந்த மட்டத்தில் தெருமுனைக் கடையில் 300 ரூபாய்க்கு வெட்டிக்கொண்டேன். அந்த 9,500 ரூபாய்க் கடையின் பெயரைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம், இப்போது சொல்ல முடியாது. எங்கே போனாலும், பணம் கட்டுமுன் அந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குளத்துக்கு நல்லது என்று வாயால் சொன்னால், அதையே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.