ஊஞ்சலுக்கு எந்தப் பழைய மரம்: பேலட்டா, உத்தரமா, ஸ்லீப்பரா?

குழந்தைகளுக்குக் கொல்லையில் ஒரு ஊஞ்சலோ மணல் தொட்டியோ பழைய மரத்தில் செய்யலாம் என்று இறங்கினால், கைக்கு எளிதில் அகப்படுவது பெரும்பாலும் மூன்று வகை: சரக்கை அடுக்கி ஏற்றி வந்த பேலட் என்ற மரத்தட்டு, இடித்த வீட்டின் உத்தரமும் நிலையும், தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து கழித்துப் போட்ட ரயில் ஸ்லீப்பர் கட்டை. எது பலம் என்று பார்ப்பதற்கு முன், அந்த மரம் இத்தனை வருடம் எங்கே கிடந்தது, எதைக் குடித்தது என்று நான் கேட்பேன். தடவி, ஏறி, சில சமயம் வாய் வைத்தும் விளையாடப்போவது குழந்தை ஆயிற்றே.

ஸ்லீப்பரை முதலில் முடித்துவிடுகிறேன். மணல் தொட்டிக்குக் கரை கட்ட அதைவிட வாகான கட்டை கிடையாதுதான். ஆனால் பழைய மர ஸ்லீப்பர்களில் பலவும் கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறியவை. வெயில் ஏறினால் கறுப்பாகக் கசிந்து கையில் ஒட்டும், தோல் எரியும். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் அதில் இருக்கின்றன. மேலே பெயிண்ட் அடித்து மூடிவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். அது போட்டியிலேயே இல்லை. வெளிப்புறத் தளங்களில் இருந்து கழற்றிய, லேசாகப் பச்சை ஓடிய பழைய பலகைகளிலும் எச்சரிக்கை தேவை. ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரமாக அவை இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு அந்த மருந்தை 2003 முடிவோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு முன் போட்ட மரம் இன்னும் புழக்கத்தில் வருகிறது.

மீதி இரண்டுக்கும்தான் உண்மையான போட்டி.

பேலட்டின் பெரிய வசதி அதன் பக்கவாட்டுக் கட்டையில் உள்ள முத்திரை. நாடு விட்டு நாடு போகும் பேலட்டில் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு ஹெச்டி (HT) அல்லது எம்பி (MB) என்ற எழுத்துகள் இருக்கும். ஹெச்டி என்றால் பூச்சி சாக மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது. எம்பி என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சி கொல்லும் நச்சு வாயு பாய்ச்சியது. நான் ஹெச்டி மட்டும் எடுப்பேன். முத்திரையே இல்லாததையும் விட்டுவிடுவேன். ஒன்று நினைவிருக்கட்டும்: சூடாக்கினார்களா என்பது வரைதான் முத்திரை சொல்லும், அப்புறம் பலகை மேல் என்ன கொட்டியது என்று அதற்குத் தெரியாது. எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால் அந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பிரிப்பதுதான் பாடு. பேலட் ஆணிகள் பலவும் முறுக்கு ஆணிகள். கடப்பாரை வைத்து நெம்பினால் பலகை நுனி இரண்டாகப் பிளக்கும், ஆணி அசையாது. பலகைக்கும் கட்டைக்கும் நடுவே இரும்பறுக்கும் பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிடுங்கள், பலகை முழுசாக வரும். பலகையில் மிச்சமிருக்கும் ஆணித்துண்டைத் தட்டி வெளியே எடுத்துவிட வேண்டும். கிடைப்பது சுமார் 2 செ.மீ. தடிமன். சொப்புச் சமையல் மேடை, மணல் தொட்டி, பூந்தொட்டிப் பெட்டி எல்லாவற்றுக்கும் அது தாராளம். மரமும் பெரும்பாலும் மிருது, பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் குழந்தையே ஆணி அடிக்கலாம். டென்மார்க்கின் எம்ட்ரூப்பில் 1943-இல் திறந்த விளையாட்டுத் திடலில் பழைய மரத்தையும் கழிவுப் பொருள்களையும் கொடுத்துக் குழந்தைகளையே கட்ட விட்டார்கள். அந்தச் சந்தோஷத்துக்குப் பேலட் நல்ல மரம்.

ஊஞ்சலுக்கு மட்டும் அது ஆகாது. 60 டிகிரி வரை வீசி ஆடும் குழந்தை கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது, அதன் எடையைப் போல இரண்டு மடங்கு கயிற்றில் இழுக்கும். அந்த இழுப்பு ஒவ்வொரு ஆட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும்.

இங்கேதான் உத்தரம் ஜெயிக்கிறது. வைரம் பாய்ந்த பழைய கட்டை பல பத்தாண்டுகள் காய்ந்து அடங்கியது, இனி முறுக்கிக்கொள்ளாது. ஆனால் சுவருக்குள் இருந்த நுனியை நம்பாதீர்கள், ஈரமும் கரையானும் முதலில் பிடிப்பது அங்கேதான். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மாவு மாதிரி உள்ளே போனால் நல்ல மரம் தெரியும் வரை அறுத்து எறியுங்கள். சுத்தியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் வேண்டாம். பழைய துளைகள் இருக்கும் இடத்தில் கொக்கி மாட்டக் கூடாது. ஆணியை நம்பித் தொங்கவிடாமல், துளையிட்டு ஊடுருவும் போல்ட், வாஷர், நட்டு போடுங்கள்.

உத்தரத்திலும் நிலையிலும் எனக்குள்ள ஒரே பயம் பழைய பெயிண்ட். அமெரிக்காவே 1978-இல்தான் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடுத்தது. பல நாடுகளில் அதற்குப் பிறகும் ஓடியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் மண்ணில் இறங்கும். அதனால் பெயிண்ட் பூசாத கட்டையாகப் பார்த்துத்தான் எடுப்பேன்.

சரி, பேலட்டை அப்படியே நிமிர்த்தி ஏணியாக்கும் யோசனை பலருக்கு வரும். பல பேலட்டுகளின் அடிப்பக்க இடைவெளி 9 முதல் 23 செ.மீ.க்குள் விழும். உடம்பு நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அளவு அதுதான். குறுக்கே இன்னொரு பலகை அடித்து இடைவெளியைக் குறைக்காமல் குழந்தையை ஏற விடாதீர்கள்.

எந்த மரமானாலும் இழைத்து முடித்த பிறகு பழைய நைலான் துணி ஒன்றை அதன்மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ, அங்கே இன்னும் சிலாம்பு இருக்கிறது.