14,500 ரூபாய் டைவிங் வாட்ச் மூன்று பாகம் (ஐந்தரை மீட்டர்) ஆழத் தண்ணீரில் போய்விட்டது, உஷார்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 14,500 ரூபாய். மாதம் மாதம் கட்டிய சீட்டுப் பணம்.

என் தம்பி குளச்சல் பக்கம் பாறைகளில் சிப்பி எடுக்கப் போகிறவன். கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டி, மூச்சடக்கி இறங்குகிற வேலை. கடலுக்குள் கட்டிக்கொண்டு போக ஒரு வாட்ச் வேண்டும் என்பது அவனுடைய பல வருட ஆசை. ஆன்லைனில் வாட்ச் விற்கும் ஒரு பக்கத்தில் புது மாடல் என்று ஒன்று போட்டிருந்தார்கள். அலை அலையாக வரி ஓடும் நீல டயல், ஓரத்துக்குப் போகப்போக ஆழ்கடல் மாதிரி கறுத்திருக்கும். பேட்டரி கிடையாது, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக். பின்மூடியில் 200 மீட்டர் என்று பொறித்திருந்தது.

பார்த்தவுடன் பணம் போட்டுவிடவில்லை. போன் செய்தேன். எடுத்தவன் நம்ம ஊர்ப் பேச்சு பேசினான். தம்பி சிப்பி எடுப்பவன் என்று சொன்னதும், "அக்கா, பிளாங்பேன் கம்பெனி 1953-லயே டைவிங் வாட்ச் விட்டான், பேரு ஃபிஃப்டி ஃபாதம்ஸ். அப்படின்னா என்ன தெரியுமா? ஐம்பது பாகம். நம்ம கடக்கரையில அளக்குற அதே பாகம்தான். நானும் கடக்கரைக்காரன், நம்ம ஆளுகள ஏமாத்துவேனா?" என்றான். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். பாகம் என்ற சொல்லை வெளியூர்க்காரன் சொல்ல மாட்டான். அப்பா கயிறு விட்டு ஆழம் பார்க்கும்போது சொன்ன சொல் அது. அன்றே யுபிஐ-யில் 14,500 அனுப்பிவிட்டேன். பில் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

வாட்ச் வந்தது. தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு சந்தோஷம். மறுநாளே கட்டிக்கொண்டு இறங்கினான். மூன்று பாகம்தான் இருக்கும், ஐந்தரை மீட்டர். ஏறி வந்து பார்த்தால் கண்ணாடிக்குள் ஆவி. வீட்டுக்கு வருவதற்குள் டயலில் தண்ணீர் ஓடுகிறது, நொடி முள் நின்றுவிட்டது. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 200 மீட்டர், அதாவது இருபது வளிமண்டலம் தாங்கும் என்று விற்ற வாட்ச், கிட்டத்தட்ட அரை வளிமண்டலம் கூடியதையே தாங்கவில்லை.

அன்றே போன் செய்தேன். முதல் பதில்: "அக்கா, உப்புத்தண்ணில போட்டா அப்படித்தான் ஆகும்." டைவிங் வாட்சை எந்தத் தண்ணீரில் போடுவது? இரண்டாவது தடவை, வாட்சின் பக்கத்தில் இருக்கும் சாவியை நாங்கள் சரியாகத் திருகவில்லையாம். மூன்றாவது தடவை 'அக்கா' போய் 'மேடம்' ஆகிவிட்டது. கம்பெனிக்கு மெயில் போடுங்க மேடம். எந்தக் கம்பெனி, என்ன முகவரி என்று கேட்டால் பதில் இல்லை.

நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் நூல் மாதிரி, காய்ந்து விரிசல் விட்டிருந்தது. "சாவிக்கு மரையே இல்ல மக்களே, பின்ன எப்படித் திருகி அடைக்க?" என்றார். கண்ணாடியைச் சுற்றியிருக்கும், இறங்கிய நேரத்தைக் குறித்து வைக்கும் வளையம் இரண்டு பக்கமும் சுற்றியது. டைவிங் வாட்சில் அது இடப்பக்கம் மட்டும்தான் சுற்ற வேண்டுமாம். தெரியாமல் இடித்து நகர்ந்தாலும் தண்ணீருக்குள் இருந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. சிலிண்டர் கட்டி இறங்குகிற ஒருவன் இதை நம்பியிருந்தால்? அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.

இதைப் படம் எடுத்து அனுப்பினேன். "மூடியைத் திறந்துட்டீங்க, வாரண்டி போச்சு" என்று ஒரு வரி. அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டான். 14,500 ரூபாய்!

வாங்குபவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். மூடியில் 200 மீட்டர் என்று யாரும் பொறிக்கலாம், டைவிங் வாட்சுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6425 இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தத் தரத்தில் ஒவ்வொரு வாட்சையும் தனித்தனியாக அழுத்தத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். சாவி மரையில் திருகி இறங்குகிறதா என்று கையில் வாங்கிப் பாருங்கள். பில் இல்லாமல் பணம் போடாதீர்கள். ஊர்ப்பேச்சை நம்பாதீர்கள்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை லீவு போட்டு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் வரை அங்கே கட்டணம் இல்லை. தம்பி மட்டும் இன்னும் நம்பிக்கையோடு வாட்சை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறான்.