பூஞ்சை புடிச்ச 50 எம்எம் லென்ஸோட இத்தன வருசம்

ஒக்கி புயல் அடிச்சு ஓஞ்ச 2017 டிசம்பர்ல, நாகர்கோவில்ல ஒரு அண்ணன்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்குனது. ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா பாடி, கூட ஜூம் பண்ண முடியாத 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ். பிராண்ட் சொல்லல, சொன்னா சண்டைக்கு வருவீங்க.

மொத ரெண்டு வருசம் போட்டோ எடுத்தத விட டெலிட் பண்ணுனது தான் ஜாஸ்தி. தாத்தா வெத்தல போட்டுட்டு சிரிச்சத ஒருநா எடுத்தேன், அசைஞ்சு போச்சுன்னு அங்கயே அழிச்சிட்டேன். இப்ப வீட்ல மாலை போட்டு மாட்டிருக்கது ஆதார் அட்டை படத்த பெருசாக்குனது.

நம்ம ஊருக்கு ஆடிலயும் மழை ஐப்பசிலயும் மழை, பீரோவுக்குள்ள துணிக்கு நடுவுல வச்சா என்ன ஆகும், லென்ஸுக்குள்ள சிலந்தி வல மாதிரி பூஞ்சை. கிளீன் பண்ண கேட்ட காசுக்கு வேற லென்ஸே வாங்கிரலாம். சரி கெடக்கட்டும்னு விட்டேன். சாதாரண வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியாது, சூரியன பாத்து வச்சா மட்டும் படம் பூரா பால் ஊத்துன மாதிரி வெளுத்துரும். முட்டத்துல சாயங்காலம் வள்ளம் கரையேறுறத அப்படி எடுத்தேன், ஆளு யாரு மொகமும் தெளிவில்ல, ஆனா அந்த உப்புக்காத்து புழுக்கம் அப்படியே இருக்கு. எடிட்டிங்ல சரி பண்ணி பாத்தேன், செத்துப் போச்சு, பழசையே வச்சுக்கிட்டேன்.

இந்த பாடில சென்சார் சின்னது, 1.6 கிராப்னு சொல்லுவாங்க, அதனால 50ங்கது 80 மாதிரி கிட்டக்க இழுத்து தான் காட்டும். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், கீழ நின்னா ஒண்ணு ரெண்டு தூணு தான் ஃப்ரேமுக்குள்ள வரும். மொதல்ல எரிச்சலா இருந்துச்சு. இப்ப முழுப்பாலம் வேணும்னா போன்ல எடுத்துக்கிடுவேன்.

தோவாளை பூச்சந்தைக்கு விடியக்காலம் போனா வெளிச்சத்த கூட்டிக் காட்டுற ஐஎஸ்ஓவ 3200 வச்சும் ஷட்டர் 1/30 செகண்ட் தான் கெடைக்கும், படத்துல புள்ளி புள்ளியா வரும், அசையுறது கலங்கிரும். பிச்சிப்பூ அள்ளிப் போடுற அக்காகிட்ட ஒரு படத்த காட்டுனேன். "லே மக்கா, எனக்க கை எங்க? வெறும் பொக மாதிரில்லா இருக்கு"ன்னு ஒரே சிரிப்பு, அப்புறம் பக்கத்து கடைக்காரர கூப்பிட்டு "தராசு மட்டும் எப்படி நிக்கி பாத்தியளா, நான் ஏமாத்த மாட்டேன்"ன்னாவ. பிரிண்ட் போட்டுக் குடுத்தேன், கல்லாப்பெட்டி மூடில ஒட்டிருக்கு.

இப்ப லென்ஸ் இருக்கது, மூடி டைட்டா இருக்க ஒரு டப்பால, ஈரத்த இழுக்குற சிலிக்கா ஜெல்லோட. நீலப்பரல் ரோஸ் ஆனா மாத்திருவேன். அரிசிக்குள்ள பொதைக்கது வேண்டாம், தூசி ஏறும். கடற்கரைக்கு போய்ட்டு வந்தா ஈரத்துணியால பாடிய ஒரு தொட, அவ்வளவு தான்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்க போறவங்க பின்பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சு பாருங்க, நூல் நூலா தெரிஞ்சா வெலைய கொறச்சு கேளுங்க. என்னுத கேக்காதீங்க, தரமாட்டேன்.