தேதி மேல் விலை ஸ்டிக்கர்: கோவையில் இன்ஸ்டன்ட் ஃபிலிம் வாங்குபவர்கள் கவனிக்க

காந்திபுரம் பக்கம் ஒரு கேமரா கடை. பேர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே வாங்கியது, எடுத்த உடனே கேமராவிலிருந்தே படம் வெளியே வருகிற இன்ஸ்டாக்ஸ் மினி ஃபிலிம். பத்து ஷீட் பாக்கெட் இரண்டு கொண்ட ட்வின் பேக் மூன்று, ஆக 60 ஷீட். செல்ஃப் போர்ட்ரெய்ட் எடுத்துப் பழகுவதற்கு. காலாவதித் தேதி அச்சாகியிருக்கும் இடத்தில் கடையின் விலை ஸ்டிக்கர். ஹேர் டிரையரைக் காட்டி உரித்தால் கீழே இருந்த தேதி முடிந்து 14 மாதம். முதல் பாக்கெட் முழுக்கச் சுட்டுத் தீர்த்த பிறகுதான் உரிக்கத் தோன்றியது என்பது தனி வயிற்றெரிச்சல்.

அந்தப் பத்து ஷீட்டிலும் ஒரே கோளாறு. கறுப்புச் சட்டை காப்பித்தூள் நிறத்தில், முகத்தில் ரோஸ் படிந்து, படம் முழுக்கப் பால் ஊற்றியது போல. இரண்டாவது பாக்கெட்டிலும் நாலு ஷீட் அப்படியே வர, கேமராவோடு கடைக்குப் போனது. கடைக்காரர் ஷீட்டைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"ஃபிலிமுல ஒண்ணுமில்லீங்க தம்பி. உங்க கேமராவுல ரோலர் போயிருச்சுங்க. வெச்சுட்டுப் போங்க, சாயங்காலம் பார்த்துத் தர்றோமுங்க."

சொன்ன கையோடு கேமராவின் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஆறு ஷீட் மிச்சம் இருந்தது. சாயங்காலம் போனபோது, ஓரமெல்லாம் வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கோடு ஓடிய இரண்டு ஷீட்டைக் காட்டி, "பாருங்க, லைட் லீக்கும் இருக்குதுங்க" என்றார், அதாவது கேமராவுக்குள் வெளிச்சம் கசிகிறதாம். சர்வீஸ் சார்ஜ் 650 ரூபாய். அந்தக் கோடு அவர் கதவைத் திறந்ததால் வந்தது. இன்ஸ்டன்ட் ஃபிலிமில் வெளிச்சம் பட்ட இடம் வெளுக்கும், படாத இடம் கறுக்கும். கதவைத் திறந்தால் மேல் ஷீட் பெரும்பாலும் வெளுத்துவிடும். அடியில் உள்ளவற்றுக்கு ஓரம் வழியாக வெளிச்சம் ஏறும். தானே கெடுத்துவிட்டு அதையே கேமரா கோளாறுக்குச் சாட்சியாகக் காட்டுவது இந்தத் தொழிலில் சுலபம். ஃபிலிம் உள்ளே இருக்கும்போது கேமராவை யார் கையிலும் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் கேமராவில் மிச்ச ஷீட்டைக் காட்டும் கவுன்ட்டர் எண்ணை முதலில் போனில் படம் பிடித்துவையுங்கள். கதவைத் திறந்து மூடினால் அது மறுபடி எஸ் என்ற எழுத்துக்குப் போய்விடும்.

கெட்டது ஃபிலிமா கேமராவா என்று கண்டுபிடிக்க ஒரு ஷீட் போதும். லென்ஸை மடித்த கறுப்புத் துணியால் நன்றாகப் பொத்திக்கொண்டு ஷட்டரை அழுத்துங்கள். இன்ஸ்டாக்ஸ் மினி 11 போன்ற கேமராக்களில் ஃபிளாஷ் தானாகவே அடிக்கும், அதன் வெளிச்சம் துணிக்குள் புகாமல் பார்த்துக்கொண்டால் சரி. வெளியே வருகிற ஷீட் கருகருவென்று இருக்கவேண்டும். பழுப்பாகவோ சாம்பலாகவோ வந்தால், காலம் கடந்ததோ வெயிலில் வெந்ததோ, எப்படியும் கோளாறு ஃபிலிமில்தான். லென்ஸ் வழியாக ஒன்றுமே போகாதபோது ஷட்டர் மேலும் லென்ஸ் மேலும் பழி போட வழியில்லை. லைட் லீக் என்று வாதாடினால், உண்மையான லீக் ஒரு பக்கத்திலிருந்து கோடாகவோ திட்டாகவோ விழும், ஷீட் முழுக்கச் சமமாகப் படராது.

ரோலர் கோளாறு வேறு மாதிரி. அகலமான வெள்ளை ஓரத்துக்குள் டெவலப்பர் பசை சின்னப் பையில் இருக்கிறது. ஷீட் வெளியே வரும்போது இரண்டு ரோலரும் அந்தப் பையைப் பிழிந்து பசையைப் படம் முழுக்கப் பரப்புகின்றன. ரோலரில் அழுக்கு ஒட்டியிருந்தால் அதே புள்ளி, அதே இடைவெளியில், ஷீட் நெடுகத் திரும்பத் திரும்ப விழும். படம் மொத்தமும் மங்காது. பசை எட்டாமல் மூலை மட்டும் விடுபட்டிருந்தால் காரணம் பல: காய்ந்துபோன பசை, சோர்ந்த பேட்டரி, இல்லாவிட்டால் ஷீட் வரும் வாயை விரல் மறித்தது. செல்ஃபிக்குக் கேமராவைத் திருப்பிப் பிடிக்கும்போது இந்தக் கடைசித் தப்பு அடிக்கடி நடக்கும்.

செல்ஃப் போர்ட்ரெய்ட் எடுப்பவர்களை ஏமாற்றுவது சுலபம் என்பதற்குக் காரணமும் இதுதான். படம் கெட்டால் நம் கைத்தப்பு என்று நாமே நம்பிவிடுகிறோம். கைத்தப்புக்கும் கெட்ட ஃபிலிமுக்கும் வித்தியாசம் தெரிய, முகத்தை விட்டுவிட்டுத் தலைமுடியைப் பாருங்கள். மிகப் பக்கத்தில் எடுத்தால் ஃபிளாஷ் முகத்தைச் சுண்ணாம்பு அடித்தது போல ஆக்கும், ஆனால் முடியும் பின்னால் உள்ள இருட்டும் கறுப்பாகவே நிற்கும். முடியே பழுப்பாக இருந்தால் உங்கள் மேல் தப்பில்லை.

மினி 11-இல் லென்ஸ் வளையத்தை வெளியே இழுத்தால் செல்ஃபி மோட், 30 முதல் 50 செ.மீ. வரைக்குத்தான் அது. லென்ஸுக்குப் பக்கத்துக் குட்டிக் கண்ணாடியில் முகம் தெரிகிறபடி கையை நீட்டிப் பிடிக்கவேண்டும். நிலைக்கண்ணாடி முன் நின்று எடுப்பதானால், கண்ணாடிக்கும் உங்களுக்கும் 60 செ.மீ. என்றால் பிம்பத்துக்குத் தூரம் 1.2 மீட்டர், அதனால் சாதாரண மோடே சரி. கொஞ்சம் சாய்வாக நில்லுங்கள், நேரே நின்றால் ஃபிளாஷ் திரும்பி வந்து லென்ஸிலேயே விழும். அதே கடையில் மினி 11-க்கும் 12-க்கும் "டைமர் இருக்குதுங்க" என்று சொல்லி விற்கிறார்கள். இரண்டிலும் டைமர் கிடையாது, ட்ரைபாட் மாட்டும் துளையும் கிடையாது. டைமர், ட்ரைபாட், ஒரே ஷீட்டில் இரண்டு முறை எடுக்கும் வசதி எல்லாம் வேண்டுமென்றால் மினி 90 பக்கம் போகவேண்டும்.

போலராய்டு வாங்குவோருக்கு வலை வேறு. இன்ஸ்டாக்ஸ் பெட்டியில் இருப்பது காலாவதித் தேதி, போலராய்டு பெட்டியில் இருப்பது தயாரித்த தேதி. அதிலிருந்து 12 மாதத்துக்குள் சுட்டுவிடச் சொல்கிறது கம்பெனி. அந்தத் தேதியைக் காட்டி, இன்னும் ஒரு வருஷம் தாண்டியும் நிற்கும் என்று தலையில் கட்டுவார்கள். பழைய போலராய்டு 600 கேமராவுக்கு, புதிய போலராய்டு கேமராக்களுக்கான ஐ-டைப் ஃபிலிமைக் கொடுத்து அனுப்புவதும் உண்டு. 600 பாக்கெட்டுக்குள் பேட்டரி இருக்கும், ஐ-டைப்பில் இருக்காது, கேமரா உயிரே பெறாது. இன்னொரு பழைய போலராய்டான எஸ்எக்ஸ்-70 கேமராவுக்கு 600 ஃபிலிம் கொடுத்தால் படம் வெளுத்துப்போகும்: முன்னதற்கான ஃபிலிமின் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் வேகம், 160 அளவு, 600 ஃபிலிம் 640. "ஒரிஜினல் வின்டேஜ்" என்று வருகிற பாக்கெட் பழைய போலராய்டு கம்பெனி 2008-இல் உற்பத்தியை நிறுத்துவதற்கு முன் செய்தது. அலமாரியில் அழகுக்கு வைக்கலாம்.

தேதி சரியாக இருந்தும் ஃபிலிம் வெந்திருக்கலாம், நம் ஊரில் அதுதான் பெரிய ஆபத்து. போலராய்டை 4 முதல் 18 டிகிரியில் வைக்கவேண்டும், உறைய விடக்கூடாது. சித்திரையில் ஈரோடு, கரூர் பக்கம் வெயில் 40-ஐத் தொடும்போது, தகரக் கூரை குடோனில் ஒரு வாரம் கிடந்த பெட்டி என்ன ஆகும்? படம் எடுக்கும்போதும் 13 முதல் 28 டிகிரிதான் கணக்கு. அதற்கு மேல் மஞ்சளும் சிவப்பும் ஏறும், கீழே போனால் நீலம் பூக்கும். மார்கழியில் ஊட்டிக்குக் கொண்டுபோனால் ஷீட்டை உடனே சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாக்கெட்டை ஒரு மணி நேரமாவது பிரிக்காமல் வெளியே வையுங்கள்.

வாங்கும்போது ஃபாயில் பாக்கெட்டாக மட்டும் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ட்வின் பேக்கைப் பிரித்து விற்றால் பெட்டியோடு தேதியும் போய்விடுகிறது. எல்லா ஸ்டிக்கரும் திருட்டு அல்ல, வெளிநாட்டுச் சரக்கில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம் போட்ட ஸ்டிக்கர் சட்டப்படியே இருக்கவேண்டும். ஆனால் அதில் உள்ள மாதம் இறக்குமதி ஆன மாதமாக இருக்கலாம், அதைப் பார்த்து ஃபிலிமின் வயதைக் கணக்கிடாதீர்கள். அச்சிட்ட தேதி தெரியவில்லை என்றால் கடையிலேயே ஸ்டிக்கரை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் தர மறுப்பதும், பில்லில் திருப்பித் தரக் கெடு போடாத சரக்கு பழுதானது என்று 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஆன்லைனிலேயே மனுப் போடலாம். வாங்கிய விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். கெட்ட ஷீட்டுகளைக் கோபத்தில் தூக்கி எறியாதீர்கள். பின்பக்கம் மார்க்கரில் வரிசை எண் எழுதி, லென்ஸைப் பொத்தி எடுத்த ஷீட்டையும் ஸ்டிக்கர் உரித்த பெட்டியையும் சேர்த்து வையுங்கள்.

எங்கள் புகாருக்கு அந்த மூன்றும்தான் கைகொடுத்தன. பெட்டியையும் பழுப்பு ஷீட்டையும் கவுன்ட்டரில் வைத்ததும் ஃபிலிம் காசு வந்துவிட்டது. சர்வீஸ் என்று வாங்கிய 650 இன்னும் வரவில்லை.