விசார்டா, சார்சரரா, வார்லாக்கா: எதற்குப் பராமரிப்பு குறைவு?

புதிய கேம்பெய்னுக்கு (பல செஷன் தொடரும் ஒரே கதை) கேரக்டர் தயார் செய்ய உட்கார்ந்தபோது மந்திரம் போடுகிறவனாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முடிவாகியிருந்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதாபாத்திரமாக மாறி ஆடும் மேஜை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், 2014 கையேட்டில் 12 கிளாஸ்கள், அதாவது கேரக்டர் வகைகள். வாளும் கவசமும் எனக்கு ஒத்துவராது. குணப்படுத்தும் கிளெரிக் வேலைக்குக் குழுவில் ஏற்கெனவே ஆள் இருந்தார். பாட்டுப் பாடும் பார்டும், கரடியாக மாறும் ட்ரூயிடும் மனசுக்கு ஒட்டவில்லை. மிஞ்சியவை புத்தகம் படித்து மந்திரம் கற்கும் விசார்ட், பிறவியிலேயே மந்திரம் ஊறிய சார்சரர், ஒப்பந்தம் போட்டு மந்திரம் வாங்கும் வார்லாக். விசார்டாக ஐந்தாம் லெவல் வரை ஆடிவிட்டு வார்லாக்குக்கு மாறினேன், இப்போது ஏழாம் லெவல். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கேரக்டரின் திறன் மதிப்பெண்களில் விசார்டுக்கு இன்டெலிஜென்ஸ் (அறிவு) முக்கியம், மற்ற இரண்டுக்கும் கரிஸ்மா (வசீகரம்). உயிர்ப் புள்ளிக்கு விசார்டும் சார்சரரும் ஆறு முகப் பகடை உருட்ட, வார்லாக் எட்டு முகம் உருட்டும். மூன்றுமே முன்வரிசையில் நின்று அடி வாங்கும் ஜாதி இல்லை. ஸ்பெல் (மந்திரம்) பட்டியலின் நீளத்தில் விசார்டை யாரும் நெருங்க முடியாது.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது பராமரிப்பு, அதாவது கேரக்டரை ஓட்டத் தேவைப்படும் உழைப்பு. எங்கள் ஆட்டம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை இரவு, மூன்று மணி நேரம். இடைப்பட்ட பதினான்கு நாளில் யாருக்கும் கோப்ளின் நினைப்பே வராது. இப்படி ஆடுகிறவன் விசார்டை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

காலையில் மந்திரங்களை மனசில் ஏற்றி அன்றைக்கே செலவழிக்கும் ஏற்பாடு 1974இல் இந்த ஆட்டம் முதன்முதலில் வந்தபோதே இருந்தது. விசார்டுக்கு அப்போது மேஜிக் யூசர் என்று பெயர். விதிகள் இப்போது எவ்வளவோ தளர்ந்துவிட்டாலும் வீட்டுப்பாடம் மட்டும் போகவில்லை. விசார்ட் கற்ற ஸ்பெல்களை ஒரு புத்தகத்தில் எழுதி வைப்பார். ஐந்தாம் லெவலில் என் புத்தகத்தில் 14 ஸ்பெல்கள் இருந்தன. இன்டெலிஜென்ஸ் 18 இருந்தும் ஒரு நாளைக்கு 9 மட்டுமே தயார் செய்யலாம். எந்த ஒன்பது? குகைக்குப் போகிறோமா, ஊருக்குள் போகிறோமா? போன முறை எங்கே நிறுத்தினோம்? நான் யோசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

அப்புறம் காசு. வேறொரு விசார்டின் புத்தகம் கையில் கிடைத்தால் அதிலிருந்து நகல் எடுக்கலாம். கேரக்டரைப் போல ஸ்பெல்லுக்கும் தனி லெவல் உண்டு. அதன் ஒவ்வொரு லெவலுக்கும் 50 தங்கக் காசும் 2 மணி நேரமும் ஆகும். மூன்றாம் லெவல் ஸ்பெல் ஒன்று கிடைத்தபோது கணக்குப் போட்டால் 150 தங்கம், 6 மணி நேரம். செயின் மெயில் கவசமே 75 தங்கம்தான். எங்கள் ஃபைட்டர் பார்த்த பார்வையில் நகல் எடுக்கும் ஆசையே போய்விட்டது.

கடைசி அடி ஆற்றில் விழுந்தது. படகு கவிழ்ந்ததும் டிஎம் (டஞ்சன் மாஸ்டர், ஆட்டத்தின் கதையை நடத்துகிறவர்) மெதுவாகக் கேட்டார்: “புக்கை எதுல வச்சிருந்த?” என்னிடம் பதில் இல்லை. புத்தகம் போனால், அன்றைக்கு மனசில் தயாராக இருப்பதை மட்டுமே புதுப் புத்தகத்தில் எழுத முடியும். ஒன்பது பிழைத்தன, ஐந்து போயின. போனவை எவை என்று பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. டிடெக்ட் மேஜிக், ஐடென்டிஃபை மாதிரி ரிச்சுவல் (சடங்கு) ஸ்பெல்களை விசார்ட் தயார் செய்யாமலே புத்தகத்தைப் பார்த்துப் போடலாம். அது பெரிய சலுகை. அந்தச் சலுகையை நம்பி அவற்றை நான் தயார் செய்வதே இல்லை. அதனால் முதலில் போனதும் அவைதான். முன்கூட்டியே இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம். அதற்கு லெவலுக்கு 10 தங்கமும் ஒரு மணி நேரமும். என் 14 ஸ்பெல்களுக்கு மொத்தம் 220 தங்கம், 22 மணி நேரம், வெற்றுப் புத்தகத்துக்குத் தனியாக 50. யார் செய்வார்கள்? நல்ல விசார்ட் செய்வார், நான் செய்யவில்லை.

சார்சரரை நான்கு செஷன்தான் ஆடியிருக்கிறேன், வேறொரு குழுவில், அதனால் என் பேச்சை முழுசாக நம்ப வேண்டாம். புத்தகம் கிடையாது, மந்திரம் ரத்தத்திலேயே ஊறியது. மூன்றாம் லெவலில் வரும் மெட்டாமேஜிக் (ஸ்பெல் போடும் விதத்தையே மாற்றும் வித்தை) உண்மையிலேயே சுகம்: உதடு அசைக்காமல், கை ஆட்டாமல் அரசவை நடுவே ஸ்பெல் போட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் ஐந்தாம் லெவலில் தெரிந்த ஸ்பெல்கள் ஆறே ஆறு. தப்பான ஒன்றை எடுத்துவிட்டால் அடுத்த லெவல் ஏறும்போது ஒன்றை மட்டும் மாற்றலாம். எங்கள் வேகத்தில் லெவல் ஏற இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை அந்தத் தப்போடு குடித்தனம் நடத்த வேண்டும்.

வார்லாக்குக்கும் ஐந்தாம் லெவலில் ஆறு ஸ்பெல்தான், ஸ்லாட் (ஸ்பெல் போடச் செலவழிக்கும் வாய்ப்பு) இரண்டே இரண்டு. காகிதத்தில் பார்த்தால் பிச்சைக்காசு. ஆனால் ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட் எடுத்தால் இரண்டும் திரும்பி வந்துவிடும், இரண்டுமே மூன்றாம் லெவல் ஸ்லாட். நாளுக்கு இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைத்தால் மூன்றாம் லெவலில் ஆறு முறை போடலாம். அதே லெவல் விசார்டுக்கு அப்படிப்பட்ட ஸ்லாட் இரண்டு, செலவான ஸ்லாட்டில் கொஞ்சம் மீட்டுத் தரும் ஆர்கேன் ரெக்கவரியைச் சேர்த்தால் மூன்று. ஃபீண்டை (பிசாசை) ஒப்பந்த எஜமானாக வைத்துக்கொண்டால் ஃபயர்பால் என்ற நெருப்பு ஸ்பெல்லும் கிடைக்கும். ஸ்லாட் தீர்ந்தாலும் கவலை இல்லை. ஸ்லாட் கேட்காத எல்ட்ரிச் பிளாஸ்ட் என்ற தாக்குதல் ஸ்பெல் தீராது, அகனைசிங் பிளாஸ்ட் என்ற சலுகையை எடுத்தால் அதன் அடியோடு கரிஸ்மா போனஸும் சேரும். என் முறை வந்தால் பத்து விநாடியில் முடித்துவிடுகிறேன். கேரக்டர் விவரம் எழுதும் ஷீட் ஒரே பக்கம். போன முறை எங்கே விட்டோம் என்பது மறந்திருந்தாலும் ஒன்றும் ஆகாது.

பராமரிப்பு அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். அது டிஎம் தலைக்குப் போய்விடுகிறது. ஒப்பந்தம் போட்ட பிசாசு எப்போது வந்து கணக்குக் கேட்கும் என்பதை அவர்தான் யோசிக்க வேண்டும். எங்கள் டிஎம்முக்கு அதில் கொஞ்சம் அதிகமாகவே ஆசை.

ஒன்றை மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் குழு ஷார்ட் ரெஸ்ட் எடுக்குமா? 2014இன் டிஎம் கையேடு ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு மோதல்களையும் நடுவே இரண்டு ஷார்ட் ரெஸ்ட்களையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. ஒரே பெரிய சண்டை, உடனே தூக்கம் என்று ஆடுகிற மேஜையில் வார்லாக் இரண்டு ஸ்பெல் போட்டுவிட்டுக் கொட்டாவி விடும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு விசார்டை எடுங்கள். 2024 பதிப்பில் ஒரு நிமிடத்தில் பாதி ஸ்லாட்டை மீட்கும் வசதியை வார்லாக்குக்குத் தந்திருக்கிறார்கள், நெடுந்தூக்கத்துக்கு ஒருமுறை. படித்ததோடு சரி, இன்னும் ஆடிப் பார்க்கவில்லை. பத்தாம் லெவலுக்கு மேல் எது எப்படி என்பதும் எனக்குக் கேள்வி ஞானம்தான்.

போன வாரம் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் விசார்ட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். என் பழைய ஸ்பெல் பட்டியலை அனுப்பி வைத்தேன். ஷீட்டின் முதல் வரியிலேயே “புத்தகம்: எண்ணெய்த் துணியில் சுற்றி, இடுப்பில் கட்டியது” என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.